இறுதிக்காலமும் கடந்தகாலமும்: ஹியூகோ குரோஷியஸின் வாழ்வும் இறைவாக்கு விளக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுச் சட்டவியலின் முன்னோடியாக அறியப்படும் ஹியூகோ குரோஷியஸ் (1583-1645) விவிலிய உரையாசிரியராகவும் விளங்கியவர். இறுதிக்காலத்தைக் குறித்தன என்று கருதப்பட்ட இறைவாக்குகளுள் பெரும்பாலானவை யூத, உரோமைப் பண்டை வரலாற்றிலேயே நிறைவேறிவிட்டன என்று விளக்கிய சீர்திருத்தச் சமயத்தாருள் அவர் முதன்மையானவர். அவ்விளக்கம் அவருடைய வாழ்வினின்று எவ்வாறு முகிழ்த்தது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது, அதன் எப்பகுதி இன்றும் நிலைபெறுகிறது என்பவற்றை இக்கட்டுரை அவர்தம் வரலாற்றின் வழியே ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குரோஷியஸ், விவிலிய உரை, அந்திக்கிறிஸ்து, வெளிப்படுத்தின விசேஷம், கடந்தகால நிறைவேற்ற நெறி, சமய நல்லிணக்கம்.

முன்னுரை

தானியேல் ஆகமம், மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரம், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பெற்ற இரண்டாம் நிருபம், வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவை கிறித்தவ மரபில் உலக முடிவைப் பற்றிய பகுதிகளாகப் படிக்கப்பட்டு வருவன. இவற்றுக்கு உரை கண்டோரை மூவகைப்படுத்தலாம். இவற்றிற் கூறப்பட்டவை இனிமேல்தான் நிகழும் என்போர் ஒருசாரார். திருச்சபையின் தொடக்கம் முதல் இன்றுவரை படிப்படியாக நிகழ்ந்து வருகின்றன என்போர் மற்றொரு சாரார். நூலாசிரியர்கள் வாழ்ந்த காலத்திலும் அதனையடுத்த காலத்திலுமே அவற்றுட் பெரும்பகுதி நிகழ்ந்து முடிந்தது என்போர் மூன்றாம் சாரார். இம்மூன்றாவதை இக்கட்டுரை கடந்தகால நிறைவேற்ற நெறி எனக் குறிக்கிறது.

இந்நெறியின் வேர்கள் பழமையானவை. மூன்றாம் நூற்றாண்டின் மெய்யியலாரான போர்பிரி, கிறித்தவத்தை மறுக்கும் நோக்குடன், தானியேல் ஆகமம் சிரிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸின் காலத்தில் நிகழ்ந்தவற்றை முன்னறிவிப்புப்போல் எழுதிக்காட்டிய நூல் என்றார். அவருடைய நூல் அழிந்தது. எனினும் அதனை மறுத்து ஜெரோம் எழுதிய உரை அவர் கருத்துகளைக் காத்துத் தந்தது. கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்த நிகழ்ச்சியில் இயேசுவின் முன்னறிவிப்பு நிறைவேறியதைச் செசரியாவின் யூசீபியஸ், வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் நூலைக்கொண்டு எடுத்துக்காட்டினார். செவில் நகரத்து இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ அல்காசார் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதிய பேருரை, அவர் மறைவுக்குப் பின் 1614இல் வெளிவந்தது. அந்நூலின் முற்பகுதி யூதரோடும் பிற்பகுதி பழைய உரோமையோடும் திருச்சபை நிகழ்த்திய போராட்டத்தைப் பேசுகிறது என்பது அவர் கொள்கை.

போப்பாண்டவரை அந்திக்கிறிஸ்து என்று கூறிவந்த சீர்திருத்தச் சமயத்தாருக்கு, கத்தோலிக்கத் துறவி ஒருவரின் இவ்வுரை தற்காப்புச் சூழ்ச்சியாகவே தோன்றியது. அதே நெறியைச் சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்த அறிஞர் ஒருவரே கைக்கொண்டபோது நிலைமை மாறியது. அவ்வறிஞர் குரோஷியஸ்.

இளமையும் கல்வியும்

குரோஷியஸ் 1583ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் கல்வியும் செல்வாக்கும் மிக்க குடும்பமொன்றிற் பிறந்தார். எஸ்பானிய அரசுக்கு எதிராக நெதர்லாந்து மாகாணங்கள் நடத்திய நெடும்போரின் நடுவே அவருடைய இளமை கழிந்தது. 11ஆம் அகவையில் லைடன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அக்கால ஐரோப்பாவின் மிகப்பெரிய மொழிநூற் புலவரான ஜோசப் ஸ்காலிகர் ஆவார்.

இத்தொடர்பு குரோஷியஸின் பிற்கால உரைப்பணிக்கு அடித்தளமானது. பண்டை நாகரிகங்களின் ஆண்டுக்கணக்குகளை ஒப்பிட்டுக் காலவரிசையியலைப் புத்தாக்கம் செய்தவர் ஸ்காலிகர். அவருடைய காலவரிசைப் பெருநூல், குரோஷியஸ் பிறந்த அதே 1583இல் வெளிவந்தது. ஒரு நூல் எம்மொழியில் எழுந்தது, எக்காலத்தில் எழுந்தது, அக்காலத்தார் அதனை எவ்வாறு பொருள்கொண்டிருப்பர் என்று வினவும் பயிற்சியை மாணவர் அவரிடமிருந்து பெற்றார். சமய நூலையும் அதே வினாக்களோடு அணுகும் துணிவு பின்னர் வந்தது.

1598இல் ஹாலந்தின் முதுபெரும் அரசியலாளர் யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட் பிரெஞ்சு அரசவைக்குத் தூது சென்றபோது, 15 அகவையினரான குரோஷியஸும் உடன் சென்றார். அப்பயணத்திலேயே ஒர்லேயான் பல்கலைக்கழகத்திற் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் ஹேக் நகரில் வழக்குரைஞரானார். இலத்தீன் கவிதைகளும் நாடகங்களும் இயற்றினார். பண்டை நூல்களைப் பதிப்பித்தார். 1607இல் ஹாலந்தின் அரசுத்தரப்பு வழக்குரைஞராகவும் 1613இல் ராட்டர்டாம் நகரின் தலைமைச் சட்ட அலுவலராகவும் அமர்த்தப்பட்டார். 1608இல் அவர் மணந்த மரியா வான் ரைகர்ஸ்பெர்க் பின்னாளில் அவர் உயிரையும் நூல்களையும் காத்தவர்.

கடலும் சட்டமும்

1603ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு அருகே போர்ச்சுக்கீசியரின் சாண்டா கத்தரீனா என்னும் பெருங்கப்பலை டச்சுத் தளபதி யாக்கப் வான் ஹேம்ஸ்கர்க் கைப்பற்றினார். அச்செயலின் நேர்மையை நிறுவும் பணி இளம் வழக்குரைஞரான குரோஷியஸிடம் வந்தது. அதன் பொருட்டு எழுதிய பெருநூலின் ஓர் அதிகாரமே 1609இல் கடலின் சுதந்திரம் பற்றிய தனிநூலாக வெளிவந்தது. கடல் எவருக்கும் உடைமையாகாது என்பது அதன் கருத்து. இலங்கை, சாவகம், மொலுக்கா ஆகிய தீவுகள் தமக்கென அரசரையும் சட்டங்களையும் உடையவை. போப்பாண்டவரின் நன்கொடையைக் காட்டிப் போர்ச்சுக்கீசியர் அவற்றின்மீது உரிமை கோருதல் செல்லாது என்று அந்நூலில் வாதிட்டார்.

அந்த வாதத்தால் ஊதியம் பெற்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அக்கம்பெனி சில ஆண்டுகளிற் பழவேற்காட்டில் நிலைகொண்டது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. உரிமையை நிறுவப் பிறந்த வாதம் ஆதிக்கத்துக்கும் துணைபோயிற்று. குரோஷியஸின் அறிவுப்பணியில் நோக்கமும் உண்மைத் தேடலும் பிரிக்கவியலாதவாறு பின்னிக் கிடப்பதற்கு இது முதற் சான்று. இறைவாக்கு விளக்கத்திலும் இதே பின்னலைக் காணலாம்.

சமயப் பூசலும் சிறைவாழ்வும்

1609இல் எஸ்பானியாவோடு 12 ஆண்டுப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. வெளிப்பகை ஓய்ந்ததும் உட்பகை மூண்டது. இறைவன் யாரை மீட்பான் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டதா, மனிதனின் இசைவுக்கு அதில் இடமுண்டா என்னும் வினா லைடன் பேராசிரியர்களான ஆர்மீனியஸ், கோமரஸ் ஆகியோரின் மாணாக்கரை இரு கட்சிகளாகப் பிரித்தது. ஆர்மீனியஸ் தரப்பினர் 1610இல் தம் விண்ணப்பத்தை அரசுக்கு அளித்தனர். ஓல்டன்பார்னவெல்ட்டும் குரோஷியஸும் இரு தரப்பும் ஒரே திருச்சபையில் இருத்தல் கூடும் என்று கருதிச் சகிப்புக்குச் சட்டவடிவம் தர முயன்றனர். படைத்தலைவரான நாசாவின் மோரிஸ் எதிர்த்தரப்பைச் சார்ந்தார்.

1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட்டும் குரோஷியஸும் சிறைபிடிக்கப்பட்டனர். 1619 மே 13ஆம் நாள், 71 அகவை நிரம்பிய ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சில நாட்களில் குரோஷியஸுக்கு வாழ்நாள் சிறையும் உடைமைப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. மாஸ், வால் ஆறுகள் கூடுமிடத்திலுள்ள லூவஸ்டைன் கோட்டையில் அவர் அடைக்கப்பட்டார்.

சிறை அவருக்கு உரைக்கூடமாயிற்று. மனைவி மரியா உடனிருந்தார். அருகிலுள்ள கோரிங்கம் நகரிலிருந்து நண்பர்கள் பெட்டியில் நூல்களை அனுப்பினர். படித்தவை அதே பெட்டியில் திரும்பின. அங்கிருந்தே ஹாலந்துச் சட்டத்துக்கு அறிமுக நூலொன்றை எழுதினார். கிறித்தவ சமயத்தின் உண்மையை நிறுவும் செய்யுள் நூலொன்றைத் தொலைதூரம் செல்லும் மாலுமிகளுக்காகத் தாய்மொழியில் இயற்றினார். நற்செய்திகளுக்குக் குறிப்புரை எழுதும் பணியையும் மேற்கொண்டார்.

காவலர்கள் நாளடைவிற் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டதை மரியா கவனித்தார். 1621 மார்ச் 22ஆம் நாள் நூல்களுக்கு மாறாகக் கணவரைப் பெட்டியுள் வைத்து அனுப்பினார். பணிப்பெண் எல்சியே வான் ஹௌவனிங் பெட்டியோடு சென்று கோரிங்கத்திற் சேர்த்தார். குரோஷியஸ் கட்டடத் தொழிலாளியின் வேடத்தில் ஆண்ட்வெர்ப் சென்று, அங்கிருந்து பாரிசை அடைந்தார். கணவர் நோயுற்றுப் படுத்திருப்பதாகக் காட்டிக்கொண்டு சிறையில் இருந்த மரியா சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்.

இச்சிறைவாழ்வு அவருடைய வரலாற்றில் விறுவிறுப்பான நிகழ்ச்சி என்னும் அளவில் மட்டும் நோக்கத்தக்கதன்று. இறையியல் வேறுபாடு ஒரு முதியவரின் தலையைக் கொய்யும் அளவுக்குப் போகும் என்பதை அவர் அருகிருந்து கண்டார். பின்னர் அவர் எழுதிய ஒவ்வொரு சமய நூலிலும், இப்பூசலை எவ்வாறு தணிப்பது என்னும் கவலை உள்ளோடுவதைக் காணலாம்.

பாரிசு வாழ்வும் போரின் நிழலும்

பிரான்சின் பதின்மூன்றாம் லூயி அவருக்கு உதவித்தொகை வழங்கினார். அது ஒழுங்காகக் கிடைத்ததில்லை. 1625இல் போர், அமைதி ஆகியவற்றின் சட்டம் பற்றிய பெருநூல் வெளிவந்தது. சிறையில் எழுதிய செய்யுள் நூலின் இலத்தீன் உரைநடை வடிவம் 1627இல் பரவலாயிற்று; பிற்காலத்தில் எட்வர்ட் போகாக் அதனை அரபு மொழியிற் பெயர்த்தார். 1631இல் தாய்நாடு திரும்பியும் மன்னிப்புக் கேட்க மறுத்தமையால் மீண்டும் துரத்தப்பட்டார். ஹாம்பர்க் நகரிற் சில காலம் தங்கியிருந்தவரை, ஸ்வீடனின் தலைமை அமைச்சர் ஆக்சல் ஆக்சன்ஷெர்னா தம் நாட்டின் தூதராக்கிப் பிரான்சுக்கு அனுப்பினார். 1635 முதல் 10 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அக்காலம் 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போரின் கொடுமை மிகுந்த காலம். செருமானிய நிலப்பகுதிகள் பாழாயின. போருக்கு அரசியற் காரணங்கள் பல உண்டு. எனினும் மக்களைப் போரில் நிலைநிறுத்திய சொற்கள் பெரும்பாலும் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பிரான்சின் சீர்திருத்தத் திருச்சபையார் 1603இல் கப் நகரில் கூடிய பேரவையில், போப்பாண்டவரே அந்திக்கிறிஸ்து என்பதைத் தம் விசுவாச அறிக்கையிற் சேர்க்கத் தீர்மானித்திருந்தனர். 1627இல் செருமானிய அறிஞர் யோஹான் ஹைன்ரிக் ஆல்ஸ்டட் ஆயிரமாண்டு ஆட்சி 1694இல் தொடங்கும் எனக் கணக்கிட்டு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் ஜோசப் மீட் வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளை ஐரோப்பிய வரலாற்றோடு இணைத்துக் காட்டும் திறவுகோல் நூலை வெளியிட்டார்.

ஒருவனை மாற்றுக் கருத்துடையவன் என்றால் அவனோடு உடன்படிக்கை செய்யலாம். அவனை இறைவாக்கு முன்னுரைத்த மிருகம் என்றால் உடன்படிக்கைக்கு வழியில்லை. அவனோடு அமைதி பேசுவதே பாவமாகிவிடும். தூதராகவும் சட்ட அறிஞராகவும் இருந்த குரோஷியஸுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சமயத்தாரையும் ஒன்றுபடுத்தும் கனவு அவரிடம் வலுப்பெற்ற ஆண்டுகள் இவை. அக்கனவின் முதல் தடையாக அவர் கண்டது அந்திக்கிறிஸ்து என்னும் ஒரு சொல்லை.

அந்திக்கிறிஸ்து பற்றிய நூல்

1640இல் ஆம்ஸ்டர்டாமில் சிறு நூலொன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அந்திக்கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவனவாகவோ பேசுவனவாகக் கருதப்படுவனவாகவோ உள்ள புதிய ஏற்பாட்டுப் பகுதிகளுக்கு எழுதப்பெற்ற உரை அது. எழுதியவர் யார் என்பது விரைவில் எல்லோர்க்கும் தெரிந்தது.

தெசலோனிக்கேயர் இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் தேவாலயத்தில் அமர்ந்து தன்னைக் கடவுளாகக் காட்டும் பாவமனுஷனைப் பற்றிக் கூறுகிறது. அவன் உரோமைப் பேரரசன் காலிகுலா என்பது குரோஷியஸின் முடிவு. தன் உருவச்சிலையை எருசலேம் ஆலயத்தில் நிறுவுமாறு காலிகுலா ஏறத்தாழ கி.பி. 40இல் ஆணையிட்டதையும், சிரியாவின் ஆளுநர் பெத்ரோனியஸ் அதனைத் தாழ்த்தியதையும், 41 சனவரியில் மன்னன் கொலையுண்டதால் ஆணை நிறைவேறாது போனதையும் பைலோ, யோசேப்பஸ் ஆகியோரின் நூல்கள் தெரிவிக்கின்றன. பாவமனுஷன் வெளிப்படாதவாறு தடைசெய்வோன் என்று நிருபம் குறிப்பது, முன்னர் சிரியாவை ஆண்ட லூசியஸ் வித்தேலியஸை. அதே அதிகாரத்தில் வரும் அக்கிரமக்காரனோ, மாயவித்தைக்காரனாகிய சீமோன். இவ்வாறு ஓர் அதிகாரம் முழுமையும் முதல் நூற்றாண்டின் மனிதரைக் கொண்டே விளக்கம் பெற்றது.

வெளிப்படுத்தின விசேஷத்திலும் இம்முறையையே பின்பற்றினார். அதன் காட்சிகள் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. சில குளோடியஸ் காலத்தன, சில வெஸ்பாசியன் காலத்தன என்று பகுத்தார். மிருகம் உரோமையின் உருவ வழிபாட்டு ஆட்சி. அதற்குத் துணைநிற்கும் இரண்டாம் மிருகம் தியானாவின் அப்பொலோனியஸால் உருவகிக்கப்படும் மாயவித்தை. 666 என்னும் எண் பேரரசன் திராயானின் குடும்பப் பெயராகிய உல்பியஸைக் குறிக்கும் என்றார். கிரேக்க எழுத்துகள் எண்களாகவும் வழங்கியமையால் இக்கணக்கு கூடுவதாயிற்று. அப்பெயரின் முதல் ஆறு எழுத்துகளின் மதிப்பு 70, 400, 30, 80, 10, 70, கூட்டுத்தொகை 660. இறுதி எழுத்தாகிய சிக்மாவுக்கு உரிய மதிப்பு 200. அதன் வளைந்த வடிவம் ஆறைக் குறிக்கும் குறியீட்டை ஒத்திருத்தலால் அதனை 6 எனக் கொண்டு 666 என்னும் தொகையைப் பெற்றார்.

1641இல் வெளிவந்த நற்செய்திகளின் குறிப்புரையும், 1644இல் வந்த பழைய ஏற்பாட்டுக் குறிப்புரையும் இந்நெறியை விரிவுபடுத்தின. மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் துயர நாட்கள் கி.பி. 70இல் தீத்து எருசலேமை முற்றுகையிட்ட நாட்கள். தானியேலின் சிறிய கொம்பு அந்தியோக்கஸ். ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தில் வரும் துன்புறும் ஊழியன் முதற்பொருளில் எரேமியா, உயர்பொருளிற் கிறிஸ்து. மூலநூல் தன் காலத்தார்க்கு முதலில் உணர்த்திய பொருளைக் கண்டபின்னரே மற்றப் பொருளைக் காணவேண்டும் என்பது இவ்வுரைகளுக்கெல்லாம் பொதுவான கொள்கை. அவர் இறுதித் தீர்ப்பையும் உயிர்த்தெழுதலையும் மறுக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. எல்லாம் முடிந்தன என்று கூறும் பிற்காலத்துத் தீவிரக் கொள்கையினின்றும் அவர் இதனால் வேறுபடுகிறார்.

எழுந்த மறுப்புகள்

எதிர்ப்பு உடனே எழுந்தது. சீர்திருத்தச் சமயப் போதகரான சாமுவேல் தெமாரே அதே ஆண்டில் மறுப்பு நூல் வெளியிட்டார். செடான் நகரத்து முதுபெரும் இறையியலார் பியேர் து மூலேனும் மறுத்தெழுதினார். குரோஷியஸ் 1641இல் பிற்சேர்க்கை ஒன்றை வெளியிட்டுத் தம் கருத்தை நிலைநாட்ட முயன்றார். 1642 முதல் அந்திரே ரிவே என்னும் இறையியலாரோடு சமய ஒற்றுமை பற்றி அவர் நடத்திய நூற்போர் இறக்கும்வரை நீடித்தது.

மறுத்தோரின் அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. போப்பாண்டவர் அந்திக்கிறிஸ்து அல்லர் எனில், சீர்திருத்தத் திருச்சபையார் உரோமையைவிட்டுப் பிரிந்ததன் நியாயம் என்ன என்னும் வினா எழும். அவர்களுள் பலருக்கு அப்பிரிவு நூற்கருத்து மட்டுமன்று. பாட்டனும் தந்தையும் எரியுண்டும் நாடிழந்தும் காத்த வாழ்வு. அத்துன்பத்துக்கு இறைவாக்கு பொருள் தந்தது. குரோஷியஸின் உரை அப்பொருளைப் பறிப்பதாக அவர்கள் உணர்ந்தனர். அவர் கூலிக்கு எழுதுகிறார், மறைவாகக் கத்தோலிக்கராகிவிட்டார் என்னும் பேச்சுகள் பரவின. அவர் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பாக்ஸ்டர் அவருடைய சமயத்தை வெளிப்படுத்துவதாக ஒரு கண்டன நூல் எழுதினார். மறுபுறம் உரோமையும் அவரை ஏற்கவில்லை. போர், அமைதி பற்றிய அவருடைய பெருநூல் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

விளக்கநெறியின் வலிமையும் மெலிவும்

இன்றைய ஆய்வு நிலையிலிருந்து நோக்குமிடத்துக் குரோஷியஸின் முடிவுகளுள் மூவகை காணப்படுகின்றன.

முதலாவது, நிலைபெற்றவை. தானியேலின் பிற்பகுதிக் காட்சிகளுக்கும் அந்தியோக்கஸின் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை வரலாற்று ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்கின்றனர். நற்செய்திகளின் எருசலேம் அழிவுப் பகுதிகளை கி.பி. 70ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு இணைத்து நோக்குதல் பொதுவழக்காயிற்று.

இரண்டாவது, வழி சரியாக அமைந்து விடை பிழைத்தவை. 666 என்பது ஆசிரியர் காலத்து உரோமைப் பேரரசன் ஒருவனின் பெயர் என்று அவர் கொண்டது பொருத்தமே. ஆனால் உல்பியஸ் என்னும் விடை, ஓரெழுத்தின் மதிப்பை மாற்றினாலன்றி வாராது. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர்கள் நீரோ பேரரசன் என்னும் தொடரை எபிரேய எழுத்தில் எழுதி எண்ணியபோது 666 இயல்பாகக் கிடைத்தது. சில படிகளில் 616 என்னும் பாடவேறுபாடு காணப்படுவதற்கும் அப்பெயரின் இலத்தீன் வடிவமே காரணமாகலாம் என விளக்கமும் கிடைத்தது.

மூன்றாவது, நோக்கம் சான்றை முந்திக்கொண்டவை. பாவமனுஷன் காலிகுலா எனின், நிருபம் கி.பி. 40க்கு முன் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதற்காக இரண்டாம் நிருபத்தை முதல் நிருபத்துக்கும் முற்பட்டதாக்கினார். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளின்படி பவுல் தெசலோனிக்கேயாவிலிருந்து ஏதேன்சு வழியாகக் கொரிந்து சென்று, அங்கே ஆளுநர் கல்லியோனின் முன் நிறுத்தப்படுகிறார். கல்லியோனின் பெயர் பொறித்த டெல்ஃபி கல்வெட்டு அவருடைய பதவிக்காலத்தை ஏறத்தாழ கி.பி. 51 எனக் காட்டுகிறது. எனவே காலிகுலா இறந்து ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பின்னரே பவுலுக்கும் அந்நகரத்தார்க்கும் தொடர்பு ஏற்பட்டது. கல்வெட்டு அவர் காலத்தில் அறியப்படாதது. எனினும் நடபடிகள் நூலின் வரிசை அவர் கையிலேயே இருந்தது. அவருடைய எதிரிகள் சுட்டிய காலமுரண் உண்மையான முரணே. ஆலயத்தைத் தீட்டுப்படுத்த முயன்ற காலிகுலாவின் நினைவு நிருபத்தின் மொழியில் நிழலாடுகிறது என்று கொள்வதற்கு இன்றும் இடமுண்டு. அவனையே அது முன்னறிவித்தது என்பதற்கு இடமில்லை.

காலவரிசையியலின் ஆசானாகிய ஸ்காலிகரிடம் பயின்றவர் காலவரிசையிலேயே வழுவினார் என்பது எண்ணத்தக்கது. இறைவாக்கை நிகழ்காலத்துக்குரியதாக்கிய மீட், ஆல்ஸ்டட் ஆகியோரிடம் தேவை ஒரு வகையில் உரையை வளைத்தது. இறைவாக்கைக் கடந்தகாலத்துக்குரியதாக்கிய குரோஷியஸிடம் அமைதியின் தேவை வேறொரு வகையில் வளைத்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வரலாற்றைச் சான்றாகக் கொண்டவரின் பிழையை வரலாற்றுச் சான்றாலேயே திருத்த முடிகிறது. 1694இல் ஆயிரமாண்டு ஆட்சி தொடங்காது போனபோது அக்கணக்கைத் திருத்துவதற்கு வேறொரு கணக்கே எஞ்சியது.

இறுதி நாட்கள்

1645இல் தூதர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட குரோஷியஸ் ஸ்டாக்ஹோம் சென்று அரசி கிறிஸ்தினாவைக் கண்டார். அங்கே தங்க விரும்பாது ஆகஸ்டில் கப்பலேறினார். புயலில் அக்கப்பல் பொமரேனியக் கரையில் ஒதுங்கியது. நோயுற்ற நிலையில் மழையிலும் குளிரிலும் தரைவழிப் பயணம் செய்து ராஸ்டாக் நகரை அடைந்து, ஆகஸ்ட் 28ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். அகவை 62. அவரைத் துரத்திய நாட்டின் டெல்ஃப்ட் நகரிலுள்ள புதிய தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் நாடிய சமய ஒற்றுமை நிகழவில்லை. ஆயினும் மூன்றாண்டுகளின் பின் 1648இல் வெஸ்ட்பாலிய உடன்படிக்கை போரை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதில் ஒருவரையொருவர் அந்திக்கிறிஸ்துவின் கூட்டத்தார் என்று அழைத்த அரசுகள் ஒரே ஆவணத்திற் கையொப்பமிட்டன. 1653இல் இங்கிலாந்தின் ஹென்றி ஹாமண்ட் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய உரையில் குரோஷியஸின் நெறி ஆங்கில வாசகரைச் சென்றடைந்தது. 1878இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரசல் கிறிஸ்துவின் வருகை பற்றி எழுதிய நூலில் அது மேலும் விரிந்தது.

முடிவுரை

குரோஷியஸின் வாழ்வையும் அவர்தம் இறைவாக்கு விளக்கத்தையும் இணைத்து நோக்கியதிற் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கடந்தகால நிறைவேற்ற நெறி குரோஷியஸிடம் நம்பிக்கை மறுப்பாக எழவில்லை. சமயப் பூசலால் தலைவரையும் நாட்டையும் இழந்த ஒருவர், அப்பூசலின் கூரிய படைக்கலனைச் செயலிழக்கச் செய்ய மேற்கொண்ட முயற்சியாக அது எழுந்தது.

2. போர்பிரி மறுப்புக்கும், அல்காசார் தம் திருச்சபையின் காப்புக்கும் கையாண்ட நெறியை அவர் இரு தரப்பினரின் இணக்கத்துக்குப் பயன்படுத்தினார். ஒரே விளக்கநெறி எந்நோக்கத்துக்கும் உதவக்கூடும் என்பதால், நோக்கத்தைக் கொண்டு நெறியின் உண்மையை அளத்தல் இயலாது.

3. சான்று முன்செல்ல நோக்கம் பின்சென்ற இடங்களில் அவருடைய உரை நிலைபெற்றது. நோக்கம் முன்செல்லச் சான்று இழுத்துவரப்பட்ட இடங்களில் வீழ்ந்தது. உயரிய நோக்கமும் இவ்விதிக்கு விலக்கன்று.

4. பழம்பனுவல் ஒன்று முதலில் தன் காலத்தாரோடு பேசியது என்னும் அவருடைய அடிப்படைக் கொள்கை, அவருடைய தனித்தனி முடிவுகளைக் கடந்து நிற்கிறது. அண்டை வீட்டாரின் முகத்தில் மிருகத்தின் அடையாளத்தைத் தேடும் பழக்கத்துக்கு எதிராக அவர் விட்டுச்சென்ற காப்பு இதுவே எனலாம்.